‘குளூட்டன் ஃப்ரீ’ பாக்கெட்டுக்குள் கோதுமை எப்படி நுழைகிறது?

சில வாரங்களுக்கு முன் ஜும்ஆ முடிந்து எழுந்தபோது, தூண் ஓரமாக ஒரு சகோதரர் துணிப்பையோடு காத்திருந்தார். பையில் மூன்று உணவுப் பாக்கெட்டுகள். இப்படிப் பாக்கெட்டோடு வருகிறவர்கள் எங்கள் பள்ளியில் புதிதல்ல. ஜெலட்டின் எதிலிருந்து எடுத்தது, E471 ஆகுமா ஆகாதா என்று வாரம் ஒருவராவது கேட்பார். அவர் கேட்டது வேறு.

“ஹஜ்ரத், ஹலாலான்னு கேக்க வரல. இதுல எங்கயாச்சும் கோதுமை இருக்கான்னு பாத்துச் சொல்லுங்க. ஒண்ணுல அரபில எழுதியிருக்கு, எனக்குப் படிக்கத் தெரியல.”

அவருடைய மகளுக்கு ஒன்பது வயது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் சீலியாக் நோய் என்று கண்டுபிடித்திருக்கிறார்கள். அன்றே வீட்டில் சப்பாத்தி, பரோட்டா, பிரெட், பிஸ்கட் எல்லாம் நின்றுவிட்டன. முதல் ஆறு மாதம் பிள்ளை நன்றாகத் தேறி, எடையும் கூடியது. பிறகு பழையபடி வயிற்று உப்புசம், சோர்வு. இரத்தப் பரிசோதனையில் குறைய வேண்டிய எண் குறையவில்லை. எங்கிருந்தோ கோதுமை உள்ளே போய்க்கொண்டிருக்கிறது, தேடிப் பாருங்கள் என்று மருத்துவர் சொல்லி அனுப்பிவிட்டார். மூன்று வேளையும் அரிசி சாப்பிடும் வீட்டில் எங்கே போய்த் தேடுவது?

மூன்று பாக்கெட்டையும் வாங்கிப் பார்த்தேன். முதலாவது சிறுதானிய நூடுல்ஸ். முன்பக்கம் தினைக் கதிர் படமும் ‘ஆரோக்கியம்’ என்ற வார்த்தையும் இருந்தன. பின்பக்கம் பொருள் பட்டியலில் தினைக்கு முன்னாலேயே மைதா நின்றது. பட்டியலில் எடை அதிகமான பொருள்தான் முதலில் வர வேண்டும் என்பது சட்டம். ஆகவே அது தினை கலந்த மைதா நூடுல்ஸ். இரண்டாவது, மச்சான் துபாயிலிருந்து அனுப்பிய கார்ன்ஃபிளேக்ஸ். மக்காச்சோளம்தானே என்று தைரியமாகக் கொடுத்திருக்கிறார்கள். அரபிப் பட்டியலில் ‘ஷஈர்’ என்ற சொல் இருந்தது. ஷஈர் என்றால் வாற்கோதுமை, அதாவது பார்லி. சுவைக்காகச் சேர்த்த பார்லி மால்ட். இந்த இரண்டும் தங்களைக் குளூட்டன் இல்லாதவை என்று சொல்லிக்கொள்ளவில்லை. நம்பியது நாம்.

மூன்றாவதுதான் என்னை யோசிக்க வைத்தது. ஒரு தோசை மிக்ஸ். முன்பக்கம் ‘குளூட்டன் ஃப்ரீ’ என்று பச்சை எழுத்தில் பெரிதாகப் போட்டிருந்தார்கள். பின்பக்கம் வரகு, உளுந்து, வெந்தயம், உப்பு, சீரகம், பெருங்காயம். கோதுமை என்ற சொல்லே எங்கும் இல்லை. சந்தேகம் இருந்ததும் அதில்தான்.

அதைச் சொல்வதற்கு முன் நோயைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள ஒருவகைப் புரதத்தைத்தான் குளூட்டன் என்கிறோம். மாவு பிசைந்தால் இழுத்தால் இழுபடும் பிசுக்கு வருகிறதே, அது இதனால்தான். பரோட்டா மாஸ்டர் மாவை விசிற முடிவதும் இதனால்தான். சீலியாக் உள்ளவர்கள் உடம்புக்குள் இது போனால், உடலின் எதிர்ப்புச் சக்தி தன் சொந்தக் குடலையே தாக்க ஆரம்பிக்கிறது. சிறுகுடலின் உள்சுவரில் உள்ள குடலுறிஞ்சிகள் தேய்ந்து தட்டையாகிவிடுகின்றன. சாப்பிட்டது உடலில் சேராது. இரத்தசோகை, வயிற்றுப்போக்கு, எலும்புப் பலவீனம், பிள்ளைகளுக்கு வளர்ச்சிக் குறைவு என்று பல முகங்களில் வரும். சிலருக்கு வெளியே எந்த அறிகுறியும் தெரியாமலே உள்ளே சேதம் நடக்கும். மருந்து என்று ஒன்றும் இல்லை. வாழ்நாள் முழுக்கக் குளூட்டனைத் தவிர்ப்பது ஒன்றே சிகிச்சை.

இதில் கோதுமையின் பங்கை வெளிக்கொண்டு வந்தவர் டிக்கே என்ற டச்சுக் குழந்தை மருத்துவர். இரண்டாம் உலகப்போரின் கடைசிக் குளிர்காலத்தில், 1944-45ல், ஹாலந்தில் பஞ்சம் வந்து ரொட்டி கிடைக்காமல் போனது. ஊரே பட்டினியில் வாட, இந்த நோயுள்ள பிள்ளைகள் மட்டும் தேறினார்கள். ரொட்டி திரும்பி வந்ததும் மறுபடி படுத்தார்கள். அவருக்கு முன்பே இருந்த சந்தேகத்தை இது உறுதிப்படுத்தியது. 1950ல் அதை ஆய்வேடாக எழுதினார்.

நம் நாட்டில் கோதுமை அதிகம் உண்ணும் வட மாநிலங்களில் நூற்றில் ஒருவருக்கு அருகில் இந்த நோய் இருப்பதாக ஆய்வுகள் சொல்கின்றன. தெற்கே மிகவும் குறைவு. குறைவு என்பதாலேயே இங்கே உள்ள நோயாளிக்குச் சிரமம் அதிகம். கடைக்காரருக்குத் தெரியாது, சமையல்காரருக்குத் தெரியாது, சொந்தக்காரர்களுக்கும் தெரியாது.

எவ்வளவு போனால் கெடுதல் என்பதற்கும் ஓர் அளவு பார்த்திருக்கிறார்கள். 2007ல் வெளியான இத்தாலிய ஆய்வு ஒன்றில், நோயாளிகளுக்குத் தினமும் 50 மில்லிகிராம் குளூட்டன் வீதம் 90 நாள் கொடுத்தபோது குடலில் பாதிப்பு தெரிந்தது. ஒரு பிரெட் துண்டில் சுமார் 2 கிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கும். அப்படியானால் 50 மில்லிகிராம் என்பது அந்தத் துண்டை நாற்பதாகப் பிய்த்தால் வருகிற ஒரு துணுக்கு. இதையெல்லாம் கணக்கில் வைத்துத்தான் உலக அளவிலான கோடெக்ஸ் உணவுத் தர அமைப்பு, ஒரு கிலோ உணவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக்கூடாது என்று 2008ல் வரம்பு வைத்தது. அமெரிக்கா, ஐரோப்பா, நம் நாட்டின் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எல்லாம் இன்று பின்பற்றுவது இந்த 20தான். ‘குளூட்டன் ஃப்ரீ’ என்றால் துளியும் இல்லை என்று பொருள் அல்ல, இந்த வரம்புக்குள் இருக்கிறது என்று பொருள். அரைக் கிலோ சாப்பிட்டாலும் 10 மில்லிகிராமைத் தாண்டாது. அந்த வாக்கு உண்மையாக இருந்தால் பெரும்பாலான நோயாளிகளுக்கு அது போதும்.

இனி பெருங்காயத்துக்கு வருவோம். கடையில் டப்பாவில் விற்கும் பெருங்காயத் தூள் வெறும் பெருங்காயம் அல்ல. ஆப்கானிஸ்தானிலிருந்தும் ஈரானிலிருந்தும் உஸ்பெகிஸ்தானிலிருந்தும் வரும் அசல் பிசினை அப்படியே போட்டால் குழம்பை வாயில் வைக்க முடியாது, அவ்வளவு காரம், அவ்வளவு வாடை. அதனால் அதோடு மாவும் கருவேலப் பிசினும் சேர்த்து இளக்கி விற்கிறார்கள். இதற்குப் பெயர் கூட்டுப் பெருங்காயம். உணவுச் சட்டமே தானிய மாவு சேர்க்க அனுமதிக்கிறது, இதில் ஏமாற்று எதுவும் இல்லை. ஆனால் அந்தத் தானிய மாவு மிகப் பெரும்பாலும் கோதுமை மாவு அல்லது மைதா. உங்கள் சமையலறை டப்பாவைத் திருப்பிப் பாருங்கள், அநேகமாக அதில் எழுதியே இருக்கும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு கிராம் தூளில் பாதி மைதா என்று வைத்துக்கொள்வோம். மைதாவில் ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கு குளூட்டன். அப்படியானால் அந்த ஒரு கிராமில் சுமார் 50 மில்லிகிராம். நான்கு பேர் சாப்பிடும் ரசத்தில் அதைப் போட்டால் தலைக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று மில்லிகிராம். ரசம் மட்டுமா? சாம்பார்ப் பொடியில் பெருங்காயம், இட்லிப் பொடியில் பெருங்காயம், அப்பளத்தில், ஊறுகாயில், முறுக்கில், மோரில். சோறும் ரசமும் அப்பளமும் ஊறுகாயும் என்று நோயாளிக்கேற்ற பத்தியச் சாப்பாடாக நாம் நினைப்பதில், வேளைக்கு வேளை கோதுமை சிறுகச் சிறுகச் சேர்கிறது. அந்தப் பிள்ளை வீட்டில் நடந்ததும் அதுதான். சப்பாத்திக் கல்லை ஒழித்துவிட்டு அஞ்சறைப்பெட்டியை மறந்துவிட்டார்கள். அரிசி மாவு சேர்த்த பெருங்காயம் இன்று கடைகளில் தனியாகவே கிடைக்கிறது என்பதை இந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன்.

அந்தத் தோசை மிக்ஸ் தயாரித்தவர் பொய் சொன்னாரா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. ‘வரகில் குளூட்டன் இல்லை, உளுந்தில் இல்லை, ஆகவே என் பொருள் குளூட்டன் ஃப்ரீ’ என்று அவர் நினைத்திருக்கலாம். 2023ஐச் சர்வதேசச் சிறுதானிய ஆண்டாக ஐ.நா. அறிவித்ததிலிருந்து ஊருக்கு ஊர் சிறுதானியப் பாக்கெட்டுகள் பெருகிவிட்டன. பலரும் வீட்டிலிருந்தே தொழில் செய்யும் நல்ல மனிதர்கள், நம் சகோதரிகளும் அதில் உண்டு. ‘குளூட்டன் ஃப்ரீ’ என்பது சட்டப்படி ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராம் என்று அளந்து பார்த்துச் சொல்ல வேண்டிய வார்த்தை என்பது அவர்களில் பலருக்குத் தெரியாது. ‘இயற்கையானது’, ‘நாட்டுரகம்’ என்பதைப் போல இதையும் ஓர் அழகுச் சொல்லாக ஒட்டிவிடுகிறார்கள்.

சட்டத்திலும் ஒரு சின்ன வாசல் இருக்கிறது. ஓர் உணவில் சேரும் கூட்டுப் பொருள் ஐந்து சதவீதத்துக்கும் குறைவாக இருந்தால், அந்தக் கூட்டுப் பொருளுக்குள் என்னென்ன இருக்கிறது என்று பிரித்து எழுத வேண்டியதில்லை. பெருங்காயம் எங்கே ஐந்து சதவீதம் வரப்போகிறது? அதனால் ‘பெருங்காயம்’ என்ற ஒரே சொல்லோடு பட்டியல் முடிந்துவிடும். 2020ல் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. கொண்டுவந்த லேபிள் விதிகளின்படி, ஒவ்வாமை தரும் பொருள்களைத் தனியாக ‘இதில் அடங்கியுள்ளது’ என்று அறிவிக்க வேண்டும். குளூட்டன் உள்ள தானியங்களும் அந்தப் பட்டியலில் உண்டு. ஆகவே கோதுமை கலந்த பெருங்காயம் போட்டால் ‘கோதுமை அடங்கியுள்ளது’ என்று எழுதுவது கடமை. பெரிய நிறுவனங்கள் பெரும்பாலும் எழுதுகின்றன. எழுதாத சிறு பாக்கெட்டுகளை நானே பார்த்திருக்கிறேன்.

குளூட்டன் தன் சொந்தப் பெயரில் வருவது அபூர்வம். மால்ட் என்று வரும், மால்ட் எக்ஸ்ட்ராக்ட் என்று வரும், மால்ட் வினிகர் என்று வரும். மூன்றும் பொதுவாக பார்லிதான். ரவை, சூஜி, செமோலினா, டூரம், குஸ்குஸ், புல்குர், ஸ்பெல்ட் எல்லாமே கோதுமை இனம். சோயா சாஸ் என்றால் சோயா மட்டும் என்று நினைக்கிறோம், வழக்கமான தயாரிப்பில் கோதுமையும் சேர்த்துத்தான் புளிக்க வைக்கிறார்கள். சிப்ஸ் மேல் தூவும் மசாலாவில் கோதுமைப் புரதம் இருக்கலாம். ‘ஸ்டார்ச்’ என்று மட்டும் போட்டு எந்தத் தானியம் என்று சொல்லாவிட்டால் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ‘கோதுமை இல்லை’ என்று எழுதியிருப்பதும் ‘குளூட்டன் இல்லை’ என்று எழுதியிருப்பதும் ஒன்றல்ல, முதலாவதில் பார்லி இருக்கலாம். அமெரிக்கப் பாக்கெட்டுகளில் இதை முக்கியமாகக் கவனிக்க வேண்டும். 2004ல் வந்த அந்நாட்டு ஒவ்வாமைச் சட்டம் கோதுமையைக் கட்டாயம் அறிவிக்கச் சொல்கிறது, பார்லியையும் ரையையும் அப்படிச் சொல்லவில்லை.

வளைகுடாவில் இருக்கும் சகோதரர்கள் ஊருக்குப் பார்சல் கட்டும்போது அரபியில் சில சொற்களைத் தெரிந்துவைத்திருந்தால் போதும். கம்ஹ் என்றால் கோதுமை. ஷஈர் பார்லி. ஸமீத் ரவை. புர்குல் வேகவைத்து உடைத்த கோதுமை. ஃபரீக் பச்சையாக அறுத்து வாட்டிய கோதுமை. ‘காலீ மினல் குளூட்டீன்’ என்றிருந்தால் குளூட்டன் இல்லாதது. மதரஸாவில் ஃபித்ராவின் பாடத்தில் ஹின்தாவும் ஷஈரும் படித்தபோது, இப்படி ஒரு கார்ன்ஃபிளேக்ஸ் டப்பாவில் அது உதவும் என்று நான் நினைத்ததில்லை.

ஐரோப்பியப் பொருள்களில் இன்னொரு குழப்பம் வரும். ‘குளூட்டன் ஃப்ரீ’ என்று முன்னால் போட்டு, பட்டியலில் ‘கோதுமை ஸ்டார்ச்’ என்று எழுதியிருப்பார்கள். இது முரண்பாடு போலத் தெரியும். குளூட்டனைக் கழுவி நீக்கிய மாச்சத்து அது, முடிந்த உணவு 20க்குள் இருந்தால் அங்கே சட்டம் அனுமதிக்கிறது. சீலியாக் உள்ளவர்கள் பலர் அதைப் பிரச்சினையில்லாமல் உண்கிறார்கள். ஆனால் கோதுமை அலர்ஜி உள்ளவருக்கு அது ஆகாது. அலர்ஜி வேறு, சீலியாக் வேறு.

இதுவரை சொன்னது பெயர்களில் ஒளிந்திருப்பதைப் பற்றி. கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தால் பெரும்பாலும் பிடித்துவிடலாம். படித்தாலும் பிடிக்க முடியாத ஒன்று உண்டு, அது பக்கத்து வீட்டிலிருந்து வருவது.

2015 அக்டோபரில் அமெரிக்காவின் ஜெனரல் மில்ஸ் நிறுவனம் ஏறக்குறைய 18 லட்சம் பெட்டி சீரியோஸ் உணவைத் திரும்பப் பெற்றது. எல்லாவற்றிலும் ‘குளூட்டன் ஃப்ரீ’ என்று அச்சிட்டிருந்தது. பொருள் பட்டியலில் கோதுமை இல்லை, அது ஓட்ஸில் செய்த உணவு. கலிஃபோர்னியாவில் லோடி என்ற ஊரில் உள்ள ஆலைக்கு வழக்கமாக ஓட்ஸ் மாவு ரயிலில் நேராக வரும். சில நாள் ரயில் சேவை இல்லாமல் போனதால், மாவை ரயில் பெட்டியிலிருந்து லாரிக்கு மாற்றிக் கொண்டுவந்தார்கள். அந்தக் கைமாற்றத்தில் கோதுமை மாவு ஓட்ஸ் மாவோடு சேர்ந்துவிட்டது. மனிதத் தவறு என்று நிறுவனமே ஒப்புக்கொண்டது. இவ்வளவு பெரிய நிறுவனம், இவ்வளவு பெரிய ஆலை, சட்டம் நடைமுறைக்கு வந்து ஓராண்டுக்கு மேல் ஆகியும் ஒரு லாரி மாற்றத்தில் வாக்கு உடைந்தது. உடம்பு சரியில்லை என்று மக்கள் புகார் கொடுத்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது.

ஓட்ஸைப் பற்றியே தனியாகச் சொல்ல வேண்டும். சுத்தமான ஓட்ஸ் சீலியாக் உள்ள பெரும்பாலானவர்களுக்கு ஒத்துக்கொள்கிறது. ஆனால் கோதுமையும் பார்லியும் விளையும் அதே வயலில் மாற்றிப் பயிரிட்டு, அதே இயந்திரத்தில் அறுத்து, அதே லாரியில் ஏற்றி வருவதால் சாதாரண ஓட்ஸில் கலப்பு சர்வ சாதாரணம். மருத்துவரைக் கேட்காமல் ஓட்ஸ் வேண்டாம். கேட்ட பிறகும் ‘குளூட்டன் ஃப்ரீ’ என்று சோதித்த ஓட்ஸ் மட்டும்.

சிறுதானிய மாவுக்கும் இதே கதைதான். 2010ல் அமெரிக்காவில், இயல்பிலேயே குளூட்டன் இல்லாத 22 தானிய, மாவு வகைகளைக் கடையில் வாங்கிச் சோதித்தார்கள். ஏழில் 20ஐத் தாண்டிக் குளூட்டன் இருந்தது. சோயா மாவு ஒன்றில் 2,900க்கும் மேல்! நம் ஊர் மாவு மில்லை நினைத்துப் பாருங்கள். முன்னால் நிற்கும் அம்மா கோதுமை அரைத்துக்கொண்டு போகிறார், அதே கல்லில் அடுத்து நம் கேழ்வரகு. மில்காரர் கல்லைக் கழுவவா போகிறார்? கேழ்வரகில் குளூட்டன் இல்லை என்பது உண்மை, மில்லிலிருந்து வீட்டுக்கு வந்த கேழ்வரகு மாவில் இல்லை என்பது உண்மையல்ல. முடிந்தவர்கள் வீட்டிலேயே சின்னக் கிரைண்டர் வைத்துக்கொள்வது நல்லது. கழுவிக் காயவைத்த முழுத் தானியம் வாங்கிய மாவைவிடப் பாதுகாப்பு. கடையில் கிடைக்கும் சத்து மாவுகளில் பலவற்றில் கோதுமையும் பார்லியும் சேர்ந்தே இருக்கின்றன, அதையும் மறக்க வேண்டாம்.

மூன்றாவது வகை, வேண்டுமென்றே செய்யும் மோசடி. அமெரிக்காவின் வட கரோலினாவில் ஒரு வியாபாரி, சாதாரண ரொட்டியை மொத்தமாக வாங்கிப் பாக்கெட்டை மாற்றி, வீட்டில் செய்த குளூட்டன் இல்லாத ரொட்டி என்று விற்றார். வாங்கிச் சாப்பிட்டவர்கள் பலர் நோய்ப்பட்டார்கள். 2011ல் நீதிமன்றம் அவருக்கு 11 ஆண்டு வரை சிறைத் தண்டனை கொடுத்தது. ரொட்டிக்கு இவ்வளவு தண்டனையா என்று கேட்பவர்கள், அதைத் தின்று படுத்தவர்களின் நிலையைக் கேட்டால் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

மதீனாவின் கடைவீதியில் நபி (ஸல்) அவர்கள் ஒரு தானியக் குவியலுக்குள் கையை நுழைத்துப் பார்த்த செய்தி நம் எல்லோருக்கும் தெரியும். மேலே காய்ந்திருந்தது, உள்ளே ஈரம். மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. நனைந்ததற்காக அவரைக் குற்றம் சொல்லவில்லை. அந்த ஈரத்தை மக்கள் பார்க்கும்படி மேலே வைக்கவில்லையே என்பதுதான் கேள்வியாக இருந்தது. இன்றைய பாக்கெட்டில் ஈரம் பின்பக்கம், ஓரத்தில், எறும்பு எழுத்தில் இருக்கிறது, சிலவற்றில் அதுவும் இல்லை. வீட்டில் பொடி, மிக்ஸ் செய்து விற்கும் நம் சகோதரிகளுக்கு ஒரு வேண்டுகோள்: நீங்கள் வாங்கிப் போடும் பெருங்காயத்தில் என்ன மாவு என்று பார்த்து அதையும் சேர்த்து எழுதுங்கள். அதே சமையலறையில் கோதுமை புழங்கினால் ‘குளூட்டன் ஃப்ரீ’ என்று போடாதீர்கள். ‘கோதுமை சேர்க்கவில்லை, கோதுமை புழங்கும் இடத்தில் தயாரானது’ என்று எழுதினால் இரண்டு பாக்கெட் குறைவாக விற்கலாம். பரவாயில்லை.

நம் வீடுகளுக்கே உரிய இரண்டு விஷயங்கள் பாக்கி இருக்கின்றன. ஒன்று தல்பீனா. பார்லி மாவில் காய்ச்சும் கஞ்சி. நோயாளிக்கும் துக்கத்தில் இருப்பவருக்கும் ஏற்றது என்று ஹதீஸில் வந்திருக்கிறது. இப்போது பாக்கெட்டாகவும் விற்கிறார்கள். நம் மக்கள் அன்போடு வாங்கி நோயாளியைப் பார்க்கப் போகும்போது கொடுக்கிறார்கள். இந்தப் பிள்ளைக்கும் நன்னி காய்ச்சிக் கொடுத்திருக்கிறார். சுன்னத்தான உணவு எப்படிக் கெடுதல் செய்யும் என்று அந்த மூதாட்டி கேட்டாராம். கேள்வியில் இருக்கும் ஈமானை மதிக்கிறேன். ஆனால் பேரீச்சம்பழமும் சுன்னத்துதான், சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர் விருப்பம் போல உண்ண முடியுமா? நோயாளிக்கு நிவாரணம் தேடுவதுதான் அந்த வழிகாட்டலின் நோக்கம். எந்த நோயாளிக்கு எது தீங்கு என்று நம்பகமான மருத்துவர் சொன்ன பிறகு அதைத் தவிர்ப்பது சுன்னத்தை விடுவதாக ஆகாது. சீலியாக் உள்ளவருக்குத் தல்பீனா கொடுக்கக் கூடாது. தெளிவாகவே சொல்லிவிடுகிறேன்.

இரண்டாவது, மால்ட் பானங்கள். மது இல்லாதது என்று வளைகுடாவில் நம் குடும்பங்கள் விரும்பிக் குடிக்கும் பாட்டில் பானங்களில் பல பார்லி மால்ட்டில் செய்தவை. ஊரில் காய்ச்சல் வந்தால் பாலில் கலக்கிக் கொடுக்கும் தூள்களிலும் மால்ட் இருக்கும், சிலவற்றில் கோதுமை மாவும் இருக்கும். ஹலாலா என்று பார்க்கும் நம் கண் ஆல்கஹாலையும் கொழுப்பையும் தேடிப் பழகிய கண். அது பார்லியைக் கண்டால் நிற்பதில்லை, நிற்க வேண்டிய காரணமும் இதுவரை இருந்ததில்லை.

இன்னொரு பக்கமும் உண்டு. நோய் இல்லாதவர்கள் நாகரிகத்துக்காகக் குளூட்டனை விடுவதும் இப்போது நடக்கிறது. அதில் ஒரு தொல்லை: சந்தேகம் உள்ளவர் பரிசோதனைக்கு முன்பே கோதுமையை நிறுத்திவிட்டால் இரத்தத்திலும் குடலிலும் அடையாளம் மறைந்து, நோய் இல்லை என்று தவறான முடிவு வரக்கூடும். முதலில் பரிசோதனை, பிறகு பத்தியம்.

விருந்துகளில் அந்தப் பெற்றோர் படும் பாட்டைக் கேட்டபோது எனக்கு வருத்தமாக இருந்தது. வலீமாவுக்குப் போனால் ‘பிரியாணியில என்ன கோதுமை, ஒரு வாய் சாப்பிட்டா ஒண்ணும் ஆகாது’ என்று ஊட்டிவிட வருகிறார்கள். மறுத்தால் பெருமை பிடித்தவர்கள் என்ற பேச்சு. பெரியவளானால் இந்தப் பெண்ணை யார் கட்டுவார்கள் என்று பிள்ளையின் காதுபடவே ஒருவர் கேட்டிருக்கிறார். பிரியாணியில் கோதுமை இல்லாமல் இருக்கலாம். கறி வறுவலில் மைதா தடவியிருக்கலாம், பாக்கெட் மசாலா போட்டிருக்கலாம், பரோட்டா எடுத்த கையோடு அதே கரண்டி தொட்டிருக்கலாம். ‘ஒரு வாய்’ என்பதன் கணக்கை மேலே பார்த்தோம்.

எங்கள் பள்ளியில் ரமலானில் நோன்புக் கஞ்சி காய்ச்சும் பாயிடம் நான் பேசினேன். அரிசிக் கஞ்சிதானே, அந்தப் பிள்ளையும் குடிக்கலாம் என்ற நினைப்பில்தான் கேட்டேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: “பெருங்காயம் போடுறதில்ல ஹஜ்ரத். ஆனா கஞ்சி தண்ணியாயிட்டா ரெண்டு கை கோதுமை ரவைய போட்டு இறுக்கிடுவேன். இருபது வருசமா அப்படித்தான்.” கமிட்டியில் யாருக்கும் இது தெரியாது, எனக்கும் தெரியாது. இனி ரவைக்குப் பதில் நொய்யரிசி போடுவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். மசாலாத் தூள் டப்பாவையும் எடுத்து வந்து காட்டினார், இருவரும் உட்கார்ந்து பின்பக்கத்தைப் படித்தோம், அதில் கோதுமை இல்லை.

கஞ்சிக்கு வழி கிடைத்துவிட்டது. கூடவே கடையிலிருந்து வாங்கிக் கொடுக்கும் வடைக்கும் சமோசாவுக்கும் என்ன செய்வது என்று அவர்தான் என்னைத் திருப்பிக் கேட்டார்.